படகுக்குப் பூக்கேட்டது

எங்கள் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே லாரி ஓட்டினவர். கோபியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போவார். திரும்பி வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் ரோடு, செக்போஸ்ட், டயர் என்றுதான் பேச்சு இருக்கும். ஆலப்புழைப் பக்கம் போய்விட்டு வந்தால் மட்டும் பேச்சு வேறே. "ஊட்டுக்கு ஊடு படகு கட்டிவெச்சிருக்கறாங்க அம்மணி, நம்மூர்ல மொபெட்டு நிறுத்தற மாதர" என்பார். சரக்கே ஏற்றாத படகுகூட அங்கே உண்டாம். சாயங்காலமானால் புருசனும் பொண்டாட்டியும் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார்களாம். சும்மாப் போவதற்கு ஒரு வண்டி என்பது அவருக்கு அதிசயமாக இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் குடத்துக்குள் இருந்தால்தான் நான் அதை நம்புவேன்.

அப்புறம் அவருக்குச் சர்க்கரை வந்தது. காலில் ஒரு கொப்புளம், அது புண்ணாகி, புண் ஆறாமல், கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உசிரோடு வீட்டுக்கு வந்தாரே, அது எங்கள் கோயில் ஆத்தா கொடுத்த பிச்சை. விளக்கு வைக்கும்போது அதைத்தான் முதலில் சொல்லிக் கும்பிடுவேன். ஆனால் வந்தவர் வந்தவர்தான். வாசல் கேட்டைத் தாண்டி வெளியே போகவில்லை. சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி எதுவானாலும், "நீ போயிட்டு வா, எனக்கு மேலுக்கு முடியல" என்று என்னை அனுப்பிவிடுவார். செயற்கைக் கால் ஒன்று செய்து வாங்கினோம். அது உரசுது என்று ரூம் கதவுக்குப் பின்னால் மாட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார், அவ்வளவுதான். பழைய சிநேகிதர்களோடு போனில் மட்டும் நன்றாகப் பேசுவார். மழை பேஞ்சுதா, டீசல் என்ன விலை, எல்லாம் கேட்பார். காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். லாரியை ஏன் வித்தீங்க என்று கேட்டால், வயசாயிப்போச்சுங்க என்பார். பாதிப் பேருக்கு அவர் இன்னும் ரெண்டு காலோடுதான் இருந்தார்.

எங்கள் பெண்ணை உடுமலைப்பேட்டையில் கொடுத்திருக்கிறோம். அமராவதி டேம் பக்கம் யாரோ தங்கும் விடுதி நடத்தி, மூடிவிட்டுச் சாமான்களை விற்றார்கள். அந்தப் போட்டோக்களை அவள் எனக்கு அனுப்பினாள், கட்டில் ஏதாவது வேணுமாம்மா என்று. அவர் என் கையிலிருந்து போனை வாங்கிப் பார்த்தார். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு படகு கிடந்தது. "அந்தப் படகு ஓட்டை கீட்டை இல்லாம இருக்குதான்னு பாத்துட்டு வாரியா கண்ணு" என்று பெண்ணுக்குப் போன் போட்டார். கால் போனதற்கப்புறம் அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். பெண்ணும் மாப்பிள்ளையும் பார்க்கவெல்லாம் போகவில்லை. வாங்கி, டெம்போவில் ஏற்றிக் கொண்டுவந்தே இறக்கிவிட்டார்கள்.

ஃபைபர் படகு. வெளியே நீலம், உள்ளே வெள்ளை. நாலு பேர் உட்காரலாம். ரெண்டு துடுப்பு. எங்கள் காம்பவுண்டுக்குள் தென்னைமரத்தடியில், பழைய லாரி டயர்கள் மேல் அதை வைத்தார்கள். மறுநாள் காலையில் டீயை எடுத்துக்கொண்டு போகிறேன், ஆளைக் காணோம். பார்த்தால் படகுக்குள் உட்கார்ந்திருக்கிறார். எப்படி ஏறினார் என்று தெரியவில்லை. கட்டை வெளியே சாய்ந்து நின்றது. அன்றிலிருந்து டீயும் பேப்பரும் படகில்தான். எதிர்வீட்டு அக்கா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "ஏனுங்க, கப்பல் எப்பங்க கெளம்புது?" என்று கேட்டுக்கொண்டே போவார். "காத்துக்காகப் பாத்துட்டு இருக்கறனுங்க" என்பார் இவர். சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

என் கணக்கு சுலபமானது. படகு தண்ணியில் இறங்கினால் அவரும் கேட்டைத் தாண்டுவார். படகு டயர் மேலேயே இருந்துவிட்டால் அவரும் அதற்குள்ளேயே இருந்துவிடுவார்.

எங்கள் வீட்டிலிருந்து பவானி ஆறு கிட்டம்தான். தடுப்பணைக்கு மேலே தண்ணீர் குளம் மாதிரி தேங்கி நிற்கும். அங்கே சொந்தப் படகு விடுவதென்றால் அணையைப் பார்த்துக்கொள்கிற ஆபீசில் அனுமதி வாங்கோணும். ஏறுகிறவர்களுக்கு மிதவைச் சட்டை இருக்கோணும், படகுக்கு இன்சூரன்ஸ் இருக்கோணும் என்றார்கள். சட்டை பெண் வாங்கி அனுப்பிவிட்டாள். இன்சூரன்ஸுக்கு அவர் பாய்க்குப் போன் போட்டார்.

பாய் என்றால் கோயமுத்தூர் உக்கடத்துக்காரர். அவருடைய அப்பா காலத்தில் மண்டியில் மொத்த வியாபாரம். பாய் இன்சூரன்ஸுக்கு வந்துவிட்டார். எங்கள் லாரிக்கு வருசா வருசம் பாய்தான் இன்சூரன்ஸ் போட்டுக்கொடுப்பார். ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் போனில் பேசிக்கொள்வார்கள். பாய்க்கும் கால் விசயம் தெரியாது.

போனை ஸ்பீக்கரில் போட்டுப் படகின் பலகை மேல் வைத்துக்கொண்டு பேசினார்கள். நான் பக்கத்தில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். பாய் நல்ல விளக்கமாகச் சொன்னார். நம்ம படகு போய் இன்னொருத்தர் படகில் இடித்தாலோ, பரிசல்காரருக்கு அடிபட்டாலோ அவருக்குக் கொடுக்கிறது ஒன்று, அது தேர்டு பார்ட்டி, லாரிக்கு இருந்தது மாதிரியே. அனுமதிக்கு அது இருந்தாலே போதும். அதோடு படகுக்கும் சேர்த்துப் போடலாம், வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போனாலும், யாராவது அவிழ்த்துக்கொண்டு போனாலும் வரும். மூன்றாவது, ஏறி உட்காருகிறவர்களுக்கு. தண்ணியில் ஏதாவது ஆச்சு என்றால் அவர்களுக்கு, அவர்கள் குடும்பத்துக்கு. லாரியில் டிரைவர், கிளீனருக்குப் போட்டோமே, அந்த மாதிரி.

"மொதல்லது மட்டும் போதுங்க பாய்" என்றார் இவர், யோசிக்கவே இல்லை.

 நீச்சல் தெரியாத நான் ஒருத்தி, ஒரு கால் இல்லாத அவர் ஒருத்தர். எதிரில் வருகிறவனுக்கு இன்சூரன்ஸ், ஏறி உட்காருகிற எங்களுக்கு ஒன்றும் இல்லையா? போனை வைத்ததும் கேட்டேன். செலவு எதுக்கு என்றார். செலவைப் பார்க்கிற ஆள் அவர் இல்லை. லாரிக்கு ஒரு நாளும் பாதி இன்சூரன்ஸ் போட்டவர் இல்லை. கிளீனர் பையனுக்குக்கூடச் சேர்த்துத்தான் போடுவார். படகுக்கு மட்டும் என்ன? நான் விடவில்லை, அவரும் விடவில்லை. ரெண்டு பேருக்கும் போடாமல் நான் ஏறமாட்டேன், உங்களையும் ஏற விடமாட்டேன் என்று சொல்லிப்போட்டேன். ஏறாட்டிப் போ என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

எதிர்வீட்டு அக்கா காதில் இதுவும் விழுந்துவிட்டது. "நெதம் கோயலுக்குப் போறவ நீ. சாமிய நம்பறவளுக்கு இன்சூரன்ஸ் எதுக்கு அம்மணி?" என்று இடித்தார். கோயில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டினால் மஞ்சத் துணியில் காப்புக் கட்டிக்கொள்கிறோம். காப்புக் கட்டினவர்கள் ஊர் எல்லை தாண்டாமல், வாய் கட்டி, கை கட்டி, பத்திரமாக இருக்கிறோம். அது சாமியை நம்பாமலா கட்டுகிறோம்? பாய் அனுப்பின தாளில் இன்சூரன்ஸுக்குக் காப்பீடு என்றுதான் போட்டிருந்தது. அந்தச் சொல்லில் காப்பு இருக்கிறது, எனக்கு அது போதும். அக்காவிடம் இவ்வளவு சொல்லவில்லை. "நீங்க ஊட்டப் பூட்டிட்டுத்தான கோயலுக்கு வாரீங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வாரம் இப்படியே போனது. பேச்சுக் குறைந்துவிட்டது. கடைசியில் நான்தான் சொன்னேன், பூக்கேட்டு விடலாம் என்று.

எங்கள் பக்கம் ஒரு முடிவுக்கு வரமுடியாவிட்டால் அப்படித்தான். பெண் கொடுக்கிறதா, கிணறு வெட்டுகிறதா, அம்மனிடம் பூக்கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், ரெண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டிச் சாமி காலடியில் போடுவார் பூசாரி. கேட்கிறவர்கள் மனசுக்குள் கேட்டுக்கொள்ளோணும். சம்பந்தமில்லாத ஒருத்தர் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம்.

நான் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வருவேன் என்றுதான் நினைத்தேன். அவர் கொஞ்சநேரம் துடுப்பைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "ஆட்டோ சொல்லு, நானும் வாரேன்" என்றார். ஏதாவது சொன்னால் மனசு மாறிவிடுவார் என்று பயம். போய் ஆட்டோ சொன்னேன்.

கோயிலில் கூட்டம் இல்லாத மத்தியானம். பூசாரி இவரைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று எதுவும் கேட்கவில்லை. "வாங்க மாமா, நெழலுக்கு வாங்க" என்று கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார். எதுக்குங்க பூ என்றார். படகு விசயமுங்க என்றேன். பொட்டலங்களைப் போட்டுவிட்டு, கேட்டுக்கங்க என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அவரும் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றார், கட்டையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு. நாற்காலியில் உட்காரவில்லை. விளக்குப் போட வந்த ஒரு அம்மா குனிந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பூசாரி பிரித்தார். வெள்ளை.

ஆத்தா என்று ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். திரும்பி வரும்போது அவர் ஆட்டோக்காரரிடம் பாலத்து வழியாகப் போகச் சொன்னார். பாலத்து மேல் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் மேல் வெயில் சாய்ந்து கிடந்தது. அவர் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்து, சரி, மனுசன் ஒத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோசத்தில் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி நெய் ஊற்றினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன், அப்ப பாய்கிட்ட நம்ம ரெண்டு பேருக்கும் சேத்தே போடச் சொல்லிடுங்க, ஆத்தாளே சொல்லிப்போட்டாளே என்று.

கை நின்றுவிட்டது. "என்ன சொல்லிப்போட்டா?"

"எடுக்கலாம்னு."

"போதும்னுதான சொன்னா."

"ஏனுங்க, நீங்க என்னன்னு கேட்டீங்க?"

"தேர்டு பார்ட்டி போதுமா தாயீன்னு கேட்டேன். வெள்ளை வந்துது. நீயி?"

"ரெண்டு பேருக்கும் எடுக்கட்டுமான்னு கேட்டேன். எனக்கும் வெள்ளைதானுங்களே வந்துது."

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். இப்படி ஒன்று நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? கேள்வியை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல், ஒரே சாமி முன்னால், ஒரே பூவுக்கு ரெண்டு கேள்வி கேட்டுவிட்டு வந்திருக்கிறோம். "ஆத்தா பாவம் என்ன பண்ணுவா" என்றார் அவர். "ஊட்டுக்காரன் ஒண்ணு கேக்கறான், ஊட்டுக்காரி ஒண்ணு கேக்கறா. எப்படியோ போங்கன்னு உட்டுட்டா." எனக்குக் கோபம் வந்தது, அதோடு சிரிப்பும் வந்துவிட்டது. பூசாரிக்குப் போன் போட்டு, மறுபடி கேட்கலாமா என்று விசாரித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மறுக்காக் கேக்கக் கூடாதுங்க அக்கா. வேணும்னா அந்தப் பூவ ஆளுக்குப் பாதியாப் பிச்சுக்கங்க" என்றார்.

பூவைப் பிய்க்கவில்லை. பூஜை அலமாரியில் வைத்தேன். விசயம் நின்ற இடத்திலேயே நின்றது.

அப்புறம் பாய் கூப்பிட்டார். கோபியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறாராம். "அப்படியே ஊட்டுக்கு வந்து படகயும் பாத்து, தாள நேர்லயே எழுதிரலாங்கண்ணா. உங்களப் பாத்தும் ரொம்ப நாளாச்சு" என்றார். இவர், எதுக்குங்க பாய் சிரமம், போனிலேயே முடித்துக்கொள்ளலாமே என்றார். பாய், சிரமமெல்லாம் இல்லீங்க என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் நான் ரூமுக்குள் போனால், அவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். துண்டை எடுத்துவிட்டு அந்தச் செயற்கைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேண்ட் இருக்குதா என்று கேட்டார். அவர் பேண்ட் போட்டு வருசக்கணக்காயிற்று. அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. கட்டிலில் உட்காருங்க என்றேன். உட்கார்ந்தார். என்னங்க என்றேன்.

சொன்னார். ஏறுகிறவர்களுக்கு எடுக்கும் இன்சூரன்ஸ் தாளில் ஒரு கேள்வி வருமாம், உடம்பில் ஊனம் ஏதாவது உண்டா என்று. லாரி ஓட்டின காலத்தில் விபத்து இன்சூரன்ஸுக்கு வருசா வருசம் பாய் அந்தக் கேள்வியைப் படிப்பாராம், இவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாராம்.

"அந்தக் கட்டத்துல எப்பவும் 'இல்லை'ன்னு எழுதினவன் அம்மணி நானு. பாய் கையால எழுதுவாரு. இப்ப அவரு கையாலயே எப்படி மாத்தி எழுதச் சொல்றது? தேர்டு பார்ட்டிக்கு அந்தக் கேள்வி இல்ல."

அப்புறம் அவரே சொன்னார்.

"இன்னொண்ணு. பூக்கேட்டப்ப நான் இன்சூரன்ஸே கேக்கல. உங்கிட்டச் சும்மா சொல்லிப்போட்டேன்."

"பின்ன என்னத்தக் கேட்டீங்க?"

"ஆத்தா மூஞ்சியப் பாத்ததும் எல்லாம் மறந்துபோச்சு. இந்தக் காலோட நான் தண்ணிக்குப் போலாமா தாயீன்னு கேட்டேன். அது ஒண்ணுதான் வந்துது."

 அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவு நாளாக நான் இன்சூரன்ஸுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், அவர் அந்த ஒரு கட்டத்துக்குப் பயந்துகொண்டிருக்கிறார். ஆத்தா குழம்பவில்லை, நாங்கள்தான் குழம்பினோம். ரெண்டு கேள்விக்கும் அவளிடம் பதில் ஒன்றுதான் இருந்திருக்கிறது.

"போலாம்னு அவளே சொல்லிட்டாளுங்களே" என்றேன். "போறவிங்களுக்குத்தானுங்க இன்சூரன்ஸ் வேணும்."

அவர் துண்டை எடுத்து மடித்தார். திரும்பக் காலின் மேல் போடவில்லை.

பாய் வருகிற அன்றைக்கு நான் பேண்ட்டைத் தேய்த்து வைத்திருந்தேன். அவர் அதைத் தொடவில்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு, கட்டையை ஊன்றிப் போய்ப் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டார், வாசலைப் பார்த்த மாதிரி. பாய் ஆட்டோவை விட்டு இறங்கி, கையில் பேக்கரித் தேங்காய் பன் பொட்டலத்தோடு கேட்டைத் திறந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. சிரித்துக்கொண்டே ரெண்டு எட்டு வந்தவர், படகில் சாய்த்து வைத்திருந்த கட்டையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். இடது கால் பக்கம் மடிந்து கிடந்த வேட்டியைப் பார்த்தார்.

 பாய் பொட்டலத்தை என்னிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். டயரில் காலை வைத்துப் படகுக்குள் ஏறி, இவருக்கு எதிர்ப்பலகையில் உட்கார்ந்துகொண்டார். ரெண்டு வயசாளிகள் தரையில் கிடக்கிற படகில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு அக்காகூட அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை.

"வெங்காயம் என்ன வெல, மழ பேஞ்சுதா, அத்தனையும் பேசினீங்களே அண்ணா" என்றார் பாய். "இத மட்டும் சொல்றதுக்கு நான் ஆகலீங்களா?"

"லாரிய வித்தவன் வண்டியப் பத்திப் பேசலாங்க பாய்" என்றார் இவர். "கால வித்தவன் எதப் பேசறது?"

"வித்தீங்களா? காசு எவ்வளவு வந்துது?"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். பாய் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் டீ வைக்க உள்ளே போய்விட்டேன். அடுப்படியில் நின்று ஆத்தாளுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

டீயோடு வரும்போது தாளை மடியில் வைத்து, மூன்றுக்கும் சேர்த்தே எழுத ஆரம்பித்திருந்தார் பாய். படகு எங்கே நிற்கும், மேலே கூரை உண்டா, சங்கிலி போட்டுக் கட்டுவீர்களா என்றெல்லாம் கேட்டார். மழைக்காலத்தில் ஆற்றில் விடக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடோணும், அப்போதுதான் வெள்ளச் சேதத்துக்கு வரும் என்றார். வாடகைக்கு விடுவீங்களா என்றார். இல்லை என்றார் இவர்.

"அப்ப எதுக்குன்னு எழுதட்டுங்க? உபயோகம்னு ஒரு கட்டம் இருக்குது. லாரிக்கு எப்பவும் சரக்குன்னு போடுவோம்."

"சும்மா, ஏறிப் போறதுக்குத்தானுங்க."

"சும்மான்னு எழுத முடியாதுங்கண்ணா." பாய் இங்கிலீசில் ஒன்றைப் படித்தார். "தமிழ்ல சொன்னா, சந்தோசத்துக்குன்னு வருது. சந்தோசத்துக்குன்னு போட்டுக்கட்டுங்களா?"

அவர் ஆயுசெல்லாம் வண்டி ஓட்டினவர். எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார்! ஒரு தாளிலும் அப்படி ஒரு சொல் வந்ததில்லை. "போட்டுக்கங்க பாய்" என்றார், மெதுவாக.

"யாரு யாரு ஏறுவீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார். தண்ணீரை நினைத்தால் எனக்கு அங்கேயே உள்ளங்கால் கூசியது. "எம் பேரயும் எழுதுங்க" என்றேன். "நீச்சல் தெரியாதுன்னும் எழுதிக்கங்க." அதுக்குக் கட்டம் இல்லீங்க தங்கச்சி என்று பாய் சிரித்தார். ரெண்டு பேரும் ஒரே படகில் போவதால் வாரிசுக்குப் பெண்ணின் பெயரைப் போடுவதுதான் நல்லது என்று சொல்லி அப்படியே எழுதினார்.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. பாய் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 

"படிங்க பாய்" என்றார் இவர். "எல்லாருக்கும் படிக்கறதுதான."

"உடம்புல ஊனம் ஏதாவது உண்டுங்களா?"

"உண்டுன்னு எழுதுங்க. எடது காலு, முழங்காலுக்குக் கீழ இல்ல." துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "துடுப்புப் போடறது கைதான்னும் எழுதுங்க."

"கட்டத்துல அவ்வளவு எடம் இல்லீங்கண்ணா."

"ஓரத்துல எழுதுங்க."

பாய் தாளைத் திருப்பி, ஓரத்தில், பொடி எழுத்தில் அதை எழுதினார். எழுதி முடித்துவிட்டு, இதற்கு டாக்டர் சீட்டு கேட்பார்கள், கட்டுகிற பணத்தைக் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள், கொடுக்கமாட்டோம் என்று சொன்னாலும் சொல்வார்கள், நான் எடுத்துச் சொல்கிறேன் என்றார். "ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். இல்லாத காலுக்கு அவிங்க எதுவும் தரமாட்டாங்க."

"அதக் கேட்டு நானும் போகமாட்டேன்" என்றார் இவர்.

டாக்டர் சீட்டு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். திரும்பும்போது, ரொம்ப நாளாகப் போகாத ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாமா என்று அவரே கேட்டார். போனோம். பார்த்தவர்கள் முதலில் திகைத்தார்கள், அப்புறம் காப்பி கொடுத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. இவ்வளவு நாள் எதற்குப் பயந்தோம் என்று எனக்கே தோன்றியது, அவரிடம் அதைச் சொல்லவில்லை.

காப்பீட்டுத் தாள் வந்தது. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வந்தது. அதை மஞ்சள் குங்குமம் வைத்து ஆத்தா படத்துக்கு முன்னால் வைத்தேன். அப்புறம் அனுமதியும் வந்தது.

நல்ல நாள் பார்த்து டெம்போவில் படகை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனோம். பூசாரியும் வந்தார். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கோணும். படகுக்குச் சக்கரம் இல்லையே, என்ன செய்வது? பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டுப் பழத்தைத் தண்ணியில் விட்டு, அது மேலே போங்க மாமா என்றார். பழம் மிதந்து ஒதுங்கி ஒதுங்கிப் போனது. அதைத் துரத்திக்கொண்டு போவது மாதிரிதான் எங்கள் முதல் பயணம் இருந்தது.

அவர் கரையில் உட்கார்ந்து, கையை ஊன்றி நகர்ந்து படகுக்குள் இறங்கிவிட்டார். ஒருத்தரும் பிடிக்கவில்லை. கட்டையைக் கரையில் ஒரு மரத்தில் சாய்த்து வைத்துவிட்டோம். ஆரஞ்சுக் கலர் மிதவைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, காய்ந்துபோன அந்த வெள்ளைப் பூவை முந்தியில் முடிந்துகொண்டு, நானும் ஏறினேன். படகு ஆடியதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ஆத்தா, ஆத்தா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். துடுப்புத் தண்ணியில் விழுகிற சத்தம், எடுக்கிற சத்தம், அது மட்டும் கேட்டது. லாரியில் கியர் மாற்றுகிற மாதிரி அவசரம் இல்லாத கை.

"கண்ணத் தெற அம்மணி" என்றார்.

"மாட்டனுங்க."

கரையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மாடு கழுவுகிற ஆளாக இருக்கும். ஏனுங்க, எங்கீங்க போறீங்க என்று கேட்டார்.

"எங்கீயும் இல்லீங்க" என்று இவர் சத்தமாகச் சொன்னார். "சந்தோசத்துக்குங்க."

அப்போதுதான் நான் கண்ணைத் திறந்தேன்.